மலை மடியில் மலர்ந்த மனம்
உளவியல் மேதை வில்லியம் ஜேம்ஸ் (1842–1910)

உடலுக்குக் காய்ச்சல் வந்தால் வீடே பரபரக்கிறது. அம்மா கஞ்சி காய்ச்சுகிறார். அப்பா மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார். பாட்டி நெற்றியில் பற்றுப் போடுகிறார். ஆனால் மனத்துக்குக் காய்ச்சல் வந்தால்? அதை வெளியே சொல்லவே கூசுகிறோம். சொன்னாலும் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் பெயர் சூட்டி ஒதுக்கிவிடுகிறோம். இத்தகைய மனக் காய்ச்சலில் இளமை முழுவதும் வெந்தவர் ஒருவர், பின்னாளில் உலகமே போற்றும் உளவியல் அறிஞராக உயர்ந்தார். அவரே அமெரிக்க நாட்டுப் பேரறிஞர் வில்லியம் ஜேம்ஸ். அவரது வாழ்வில் ஒரு மலைக்கும் ஒரு நிலவொளி இரவுக்கும் பெரும் பங்கு உண்டு. அந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

இளமைப் பருவம்

வில்லியம் ஜேம்ஸ் 1842-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஐந்து மக்களில் இவரே மூத்தவர். அடுத்தவரான ஹென்றி ஜேம்ஸ் ஆங்கில நாவல் உலகில் அழியாப் புகழ் பெற்றவர். கடைக்குட்டி தங்கை ஆலிஸ். தந்தையார் செல்வர், சமய ஆராய்ச்சியில் தோய்ந்தவர். பிள்ளைகளுக்குச் சிறந்த கல்வி தர வேண்டும் என்னும் ஆவலில் ஜெனீவா, பாரிஸ், பான் என்று ஐரோப்பிய நகரங்களுக்கெல்லாம் குடும்பத்தோடு பெயர்ந்துகொண்டே இருந்தார். ஆதலின் வில்லியம் பல மொழிகளைக் கற்றார்; ஆனால் எந்த ஒரு பள்ளியிலும் நிலையாக வேரூன்றவில்லை.

முதலில் ஓவியராக விரும்பினார். நியூபோர்ட் நகரில் வில்லியம் ஹண்ட் என்ற ஓவியரிடம் பயின்றார். தம்மால் முதல்தர ஓவியராக இயலாது என்று கண்டதும் அதைக் கைவிட்டு, 1861-இல் ஹார்வர்டில் அறிவியல் கற்கச் சேர்ந்தார். 1864-இல் மருத்துவக் கல்விக்கு மாறினார். 1865-இல் லூயி அகாசி என்ற இயற்கை அறிஞரின் குழுவோடு பிரேசில் நாட்டுக்குப் பயணமானார். பிரேசிலின் காடும் மலையும் அவரை மலைக்க வைத்தன. ஆயினும் அங்கே அம்மை நோய் தாக்கிச் சில காலம் கண்பார்வையும் மங்கியது. மீன்களைப் பிடித்துப் பெட்டியில் அடுக்குவது தம் வேலையன்று, சிந்திப்பதே தம் வேலை என்ற தெளிவோடு அவர் ஊர் திரும்பினார்.

இருள் சூழ்ந்த ஆண்டுகள்

ஊர் திரும்பிய பின்னர்தான் பெருந்துன்பம் தொடங்கியது. முதுகுவலி, கண்வலி, தூக்கமின்மை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றினும் கொடியது மனச்சோர்வு. நீரூற்றுச் சிகிச்சைக்காக ஜெர்மனி சென்றார். அங்கும் நலம் கிட்டவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கூட அந்நாட்களில் அவரை நெருங்கியது. 1869-இல் மருத்துவப் பட்டம் பெற்றும் ஒரு நாளேனும் மருத்துவத் தொழில் செய்ய அவரால் இயலவில்லை. 1870 மார்ச்சில் அவர் பெரிதும் நேசித்த அத்தை மகளான மின்னி டெம்பிள் காசநோயால் இறந்தாள். இருள் மேலும் கவிந்தது.

ஒரு நாள் மாலை இருண்ட அறைக்குள் நுழைந்த அவரை இனம் தெரியாத பேரச்சம் ஒன்று பற்றியது. மனநோய் விடுதியில் முன்பு தாம் கண்ட ஓர் இளைஞனின் உருவம் கண்முன் தோன்றியது. நாள் முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நோயாளியின் நிலை நாளைக்குத் தமக்கும் வரலாம் என்ற எண்ணம் அவரை உலுக்கியது. அதன்பின் பல மாதங்கள் தனியே இருட்டில் செல்லவும் அஞ்சினார். இந்த அனுபவத்தைப் பின்னாளில் தம் நூலில் எழுதியபோது, பெயர் கூறாத ஒரு பிரெஞ்சுக்காரருடையது என்று மறைத்தே வெளியிட்டார். அவ்வளவு பெரிய அறிஞரும் தம் மன நோயைத் தம் பெயரில் சொல்லக் கூசினார் என்றால், சாதாரண மக்களின் கூச்சத்தை என்னவென்பது!

மீட்சி படிப்படியாக வந்தது. 1870 ஏப்ரல் இறுதியில் ரெனூவியே என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞரின் கட்டுரை ஒன்றை அவர் படித்தார். மனிதனுக்குத் தன் எண்ணத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு என்று நம்பி நடப்பதெனத் தீர்மானித்தார். பெரிய சாதனைகளை எண்ணி மலைக்காமல், சிறு சிறு நற்பழக்கங்களை நாள்தோறும் சேர்த்துவரத் தொடங்கினார். இத்தீர்மானத்தோடு நோய் பறந்துவிடவில்லை; மீண்டும் மீண்டும் வந்தது. ஆயினும் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைத்தது. சில ஆண்டுகளில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் உடலியல் கற்பிக்கும் பணி கிடைத்தது. 1875-இல் அங்கே உளவியல் கற்பிக்கத் தொடங்கினார். அமெரிக்காவில் அத்துறையை முதன்முதல் கற்பித்தோருள் அவரும் ஒருவர்.

மலைகளின் நட்பு

இக்காலத்தில் அவருக்குக் கிடைத்த பெரும் துணை அடிராண்டாக் மலைத்தொடர். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஏரிகளும் பைன் மரக் காடுகளும் நிறைந்த மலைநாடு அது. அங்குள்ள கீன் பள்ளத்தாக்கில் மருத்துவ நண்பர்கள் சிலருடன் சேர்ந்து ஓர் எளிய குடிலை அமைத்துக்கொண்டார். 1878-இல் ஆலிஸ் கிபன்ஸ் என்ற ஆசிரியையை மணந்தபின் புதுமணத் தம்பதியர் சென்று தங்கியது அங்கேதான். ஆண்டுதோறும் வகுப்புகள் முடிந்து மூளை களைத்ததும் அவர் மலையேறப் புறப்பட்டுவிடுவார்.

1890-இல் ‘உளவியல் கோட்பாடுகள்’ என்ற அவரது இரு தொகுதி நூல் வெளிவந்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு அது. அதில் கவனம் பற்றி அவர் எழுதிய பகுதி இன்றும் பேசப்படுகிறது. கவனம் இருவகைப்படும். கணக்குப் பாடத்தில் மனத்தை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறோமே, அது முயன்று செலுத்தும் கவனம். வண்ணத்துப் பூச்சி பறக்கையில் கண் தானாகவே அதன் பின் போகிறதே, அது முயலாமலே செல்லும் கவனம். முதல் வகை நம்மைக் களைப்பிக்கும். இரண்டாம் வகை களைப்பிப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

நிலவொளியில் ஓர் இரவு

1898 ஜூலை 7. ஜேம்ஸுக்கு அப்போது வயது 56. எடின்பரோ பல்கலைக் கழகத்தில் சமய அனுபவம் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றும்படி அழைப்பு வந்திருந்தது. அப்பொருளை எவ்வாறு தொடங்குவது என்ற கவலை அவரை அரித்துக்கொண்டிருந்தது. அன்று அவர் மார்சி சிகரத்தின் மீது ஏறினார். 5,344 அடி உயரமுள்ள அதுவே நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த மலை. ஏறி இறங்கி, பாந்தர் கார்ஜ் என்னும் மலையிடுக்கிலிருந்த ஒரு சிறு குடிலில் இரவு தங்கினார். பாலின் கோல்ட்மார்க் என்ற இளம்பெண்ணும் அவருடைய தோழியரும் உறவினரும் அங்கே வந்து சேர்ந்தனர்.

அனைவரும் உறங்கினர். ஜேம்ஸுக்கு உறக்கம் வரவில்லை. வானம் துல்லியமாக இருந்தது. மரக்கிளைகளினூடே நிலவொளி வழிந்தது. காற்று அசையவில்லை. அவர் எழுந்து வெளியே வந்து காட்டிடையே நடந்தார். அப்போது அவர் உள்ளத்தில் என்னென்னவோ ஒன்றாகத் திரண்டன. மனைவியின் அன்பு, தூரத்திலிருந்த குழந்தைகள், ஆற்ற வேண்டிய சொற்பொழிவு, சுற்றிலும் நின்ற மலையின் பேரமைதி ஆகிய யாவும் ஒரே ஒளியில் கரைந்தன. புறத்தே உள்ள இயற்கையின் மாட்சியும் அகத்தே உள்ள அறவாழ்வின் மாட்சியும் தம் நெஞ்சில் சந்தித்துக்கொண்டதாக அவர் உணர்ந்தார். இரண்டு நாள் கழித்து மனைவிக்கு எழுதிய மடலில் அதனை விவரிக்க முயன்று, அதன் பொருளைச் சொல்லில் அடக்க இயலவில்லை என்று ஒப்புக்கொண்டார். தம் வாழ்வின் மிக இனிய இரவுகளுள் ஒன்றாக அதைக் கருதினார். எடின்பரோ சொற்பொழிவுகளில் அந்த இரவின் தடம் பதியும் என்றும் அவர் உணர்ந்திருந்தார்.

ஆனால் மலை கொடுத்ததோடு எடுத்தும் கொண்டது. மறுநாள் காலை உற்சாக மிகுதியால் இளைஞர்களோடு சேர்ந்து மலைமுகடுகளில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக நடந்தார். உறங்காத உடல் அதைத் தாங்கவில்லை. இதயம் பழுதுற்றது. அடுத்த ஆண்டு கோடையில் அதே மலையில் வழி தவறி அலைந்தபோது பழுது மேலும் முற்றியது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஐரோப்பாவில் சிகிச்சையிலேயே கழிந்தன. சொற்பொழிவுகள் தள்ளிப் போயின. படுக்கையில் சாய்ந்தபடியே சிறிது சிறிதாக எழுதி, 1901-லும் 1902-லும் எடின்பரோவில் இருபது சொற்பொழிவுகளை நிறைவு செய்தார். அவையே ‘சமய அனுபவத்தின் பல்வகைகள்’ என்ற புகழ்பெற்ற நூலாக 1902-இல் வெளிவந்தன.

நூல் காட்டிய வழி

ஜேம்ஸ் எந்தத் திருச்சபையையும் சார்ந்தவரல்லர். எனினும் அவிலா நகர்ப் புனித தெரேசா, சிலுவை யோவான், புனித இஞ்ஞாசியார் முதலிய அருளாளர்களின் அனுபவங்களை ஆழ்ந்து கற்று அந்நூலில் ஆராய்ந்தார். 1896-இல் அமெரிக்காவில் சந்தித்த சுவாமி விவேகானந்தரின் யோக விளக்கத்தையும் எடுத்தாண்டார். கடலோரத்திலும் மலையிலும் திடீரென உள்ளம் விரிந்த சாதாரண மனிதர் பலரின் அனுபவங்களையும் தொகுத்தார்.

இத்தகைய ஆழ்ந்த அனுபவத்துக்கு நான்கு அடையாளங்களை அவர் கண்டார். அதைச் சொல்லில் விளக்க முடியாது. அது ஏதோ ஓர் உண்மையை உணர்த்திச் செல்லும். நெடுநேரம் நில்லாது. நாம் வருவிக்க வருவதன்று, தானே வருவது. இவை இருந்தால் மட்டும் போதுமா? போதாது. மரத்தை அதன் கனியால் அறிவது போல அனுபவத்தை அதன் விளைவால் அறிய வேண்டும் என்றார். அனுபவத்துக்குப் பின் அம்மனிதர் அன்பு மிக்கவராக, அச்சம் குறைந்தவராக, கடமையில் ஊக்கமுள்ளவராக மாறினாரா என்பதே அவர் வைத்த உரைகல்.

அக்காலத்து மருத்துவர் சிலர் இத்தகைய அனுபவங்களையெல்லாம் நரம்புக் கோளாறு என்று தள்ளினர். ஜேம்ஸோ, அனுபவம் எங்கே பிறந்தது என்பதை மட்டும் கொண்டு அதன் மதிப்பை முடிவு செய்யலாகாது என்று வாதிட்டார். சோர்ந்த மனத்தையும் அவர் இழிவாகக் கருதவில்லை. துன்பத்தின் அடியாழம் வரை சென்று மீண்டவர்கள் இரண்டாம் முறை பிறந்தவர்கள் என்றார். தாமே அப்படி மீண்டவரல்லவா?

பெண்மக்களும் ஜேம்ஸும்

அவருடைய தங்கை ஆலிஸ் கூர்த்த அறிவினர். ஆனால் தமையன்மார்க்குக் கிட்டிய கல்வி அவருக்குக் கிட்டவில்லை. அவரும் இளமையிலேயே நரம்புத் தளர்ச்சியாலும் மனத்துயராலும் துன்புற்று, பெரும்பாலும் படுக்கையிலேயே வாழ்ந்து, 1892-இல் 43-ஆம் வயதில் மறைந்தார். அவர் இறந்த பல ஆண்டுகளுக்குப் பின் வெளியான நாட்குறிப்பே அவரது அறிவுக்குச் சான்றாக நிற்கிறது. ஒரே வீட்டில், ஒரே வகைத் துயர். அண்ணனுக்குப் பல்கலைக் கழகமும் மலைகளும் திறந்திருந்தன. தங்கைக்கோ நோயாளியின் அறை மட்டுமே எஞ்சியது. இதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

மற்றொரு பெண்ணுக்கு ஜேம்ஸ் கதவைத் திறந்துவிட முயன்றார். அவர் மேரி விட்டன் கால்கின்ஸ். ஹார்வர்டில் அக்காலத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஜேம்ஸ் வாதாடியதால் 1890-இல் அவர் வகுப்பில் அமர மட்டும் அனுமதி கிடைத்தது. உடன் சேர்ந்த ஆண் மாணவர்கள் விலகிவிட, ஜேம்ஸ் தம் நூலை அவர் ஒருவருக்கே கணப்படுப்பின் அருகில் அமர்ந்து கற்பித்தார். முனைவர் பட்டத் தேர்வில் 1895-இல் கால்கின்ஸ் மிகச் சிறப்பாகத் தேறியும் பல்கலைக் கழகம் பட்டம் தர மறுத்துவிட்டது. அவரோ தளரவில்லை. 1905-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

விதைத்தவை விளைந்தன

கிளிஃபர்டு பியர்ஸ் என்ற இளைஞர் மனநோய் விடுதிகளில் மூன்றாண்டு அடைபட்டு, அங்கே அனுபவித்த கொடுமைகளை எழுதி ஜேம்ஸிடம் அனுப்பினார். ஜேம்ஸ் அதைப் பாராட்டி ஆதரவளித்தார். 1908-இல் அந்நூல் வெளிவந்தது. 1909-இல் அமெரிக்காவில் மனநலத்துக்கான தேசியக் குழு உருவாயிற்று. அதே 1909-இல் ஐரோப்பாவிலிருந்து வந்த உளமருத்துவ அறிஞர் ஃபிராய்டை ஜேம்ஸ் சந்தித்தார். இருவரும் நடந்து செல்கையில் ஜேம்ஸுக்கு நெஞ்சுவலி கண்டது. அவர் தம் பையை ஃபிராய்டிடம் கொடுத்து, முன்னே நடக்கும்படியும் வலி தணிந்ததும் வந்து சேர்ந்துகொள்வதாகவும் அமைதியாகக் கூறினார். மரணத்தின் முன் தமக்கும் அத்தகைய அஞ்சாமை வாய்க்க வேண்டும் என்று ஃபிராய்டு பின்னர் எழுதினார். ஒரு காலத்தில் இருட்டறைக்கு அஞ்சிய அதே மனிதர்தாம் இவர்! 1910 ஆகஸ்டு 26-இல், சொகோருவா மலையடிவாரத்திலிருந்த தம் கோடை இல்லத்தில், மனைவியின் அரவணைப்பில் ஜேம்ஸ் உயிர் நீத்தார்.

அவர் மறைந்த பின்னும் அவர் நூல் பணி செய்தது. 1934-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் குடிநோயால் சீரழிந்து கிடந்த பில் வில்சன் என்பவர், மலை உச்சியில் நின்று தூய காற்றை நுகர்வது போன்ற ஓர் அனுபவம் பெற்றார். தமக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று மருண்டார். ஜேம்ஸின் நூலைப் படித்த பிறகே அவர் தெளிந்தார். அடுத்த ஆண்டு அவரும் ஒரு மருத்துவ நண்பரும் சேர்ந்து தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் இன்று நம் நாடு உட்பட உலகெங்கும் குடும்பங்களைக் காத்து வருகிறது.

ஜேம்ஸ் பிரித்துக் காட்டிய இருவகைக் கவனத்தை அடிப்படையாகக் கொண்டு, மிச்சிகன் பல்கலைக் கழகத்து அறிஞர்களான ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் 1989-இல் ஒரு நூல் வெளியிட்டனர். இலைகளின் அசைவு, மேகம், ஓடும் நீர் ஆகியவை முயலாமலே நம் கவனத்தை ஈர்க்கின்றன; அந்நேரத்தில் முயன்று களைத்த கவனம் ஓய்வு பெற்றுப் புத்துயிர் பெறுகிறது என்பது அவர்கள் கொள்கை. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற அறிஞர், பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தார். சன்னல் வழியே மரங்களைக் காண முடிந்தவர்கள், செங்கல் சுவரை மட்டும் கண்டவர்களினும் விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 2015-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழக ஆய்வு ஒன்றில் 38 பேர் கலந்துகொண்டனர். மரங்களிடையே 90 நிமிடம் நடந்தவர்களுக்குத் தம் குறைகளையே திரும்பத் திரும்ப எண்ணி மறுகும் போக்குக் குறைந்தது. வாகனங்கள் விரையும் சாலையோரம் நடந்தவர்களுக்கு அந்நலன் கிட்டவில்லை.

நாம் கற்க வேண்டியவை

அன்பு மாணவியரே! இவ்வரலாற்றிலிருந்து மூன்று பாடங்களைக் கற்கிறோம்.

முதலாவது, மனச்சோர்வு குற்றமன்று, அது நோய். அதைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். தேர்வு அச்சமோ, வீட்டுக் கவலையோ, காரணம் தெரியாத துயரோ நெஞ்சை அழுத்தினால் தாயிடமோ, ஆசிரியையிடமோ, அருட்சகோதரியிடமோ சொல்லுங்கள். தேவையானால் மனநல மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள். பெற்றோர்களும் பிள்ளை வாய் திறக்கும்போது அறிவுரையைச் சற்று ஒத்திவைத்துச் செவி கொடுக்க வேண்டுகிறோம்.

இரண்டாவது, இயற்கை நம் உற்ற தோழி. ஆனால் மருத்துவருக்கு மாற்று அன்று. ஜேம்ஸை எழுப்பி நிறுத்தியதில் நூலுக்கும் நற்பழக்கத்துக்கும் அன்பு மனைவிக்கும் ஆசிரியப் பணிக்கும் பங்குண்டு, மலைக்கும் பங்குண்டு. அளவு மீறி மலையேறியபோது அவர் இதயம் பழுதுற்றதையும் மறவாதீர்கள். பேரனுபவத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. மார்சி சிகரம் நமக்கு எட்டாது. பள்ளி முற்றத்து வேப்பமரம் எட்டும். நாள்தோறும் பத்து நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு அதன் நிழலில் அமர்ந்து இலைகளைப் பாருங்கள். களைத்த கவனம் இளைப்பாறும்.

மூன்றாவது, உள்ளம் உயர்ந்த நேரம் எவருக்கும் நெடுநேரம் நில்லாது. நிலவு மறைந்தது, ஜேம்ஸ் நோயுற்றார். ஆயினும் அந்த ஓர் இரவில் பெற்றதை அவர் நான்கு ஆண்டு உழைத்து நூலாக்கி, முன்பின் அறியாத மனிதர்களின் இருளுக்கு விளக்காக ஏற்றி வைத்தார். நமக்குக் கிடைக்கும் ஒளி சிறிதாயினும் அதனைக் கனியாக்கிப் பிறர்க்குப் பகிர்வோம். வகுப்பில் பக்கத்து இருக்கையில் வாடியிருக்கும் தோழியைக் கண்டால் அவள் அருகில் சென்று அமர்வோம். மரத்தடிக்கு அவளையும் அழைத்துச் செல்வோம்.